மூச்சுவிட நேரமில்லாதவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று வருடம் முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். சாப்பிடப் போகும் வழியில் வரிசை சின்னதாக இருக்கிறதே என்றுதான் கையை நீட்டினேன். 156/98. நர்ஸ் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். 152/96. "கடைசியா எப்பம்மா பிபி பார்த்தீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், சின்னவன் பிறந்த சமயத்தில். அவன் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். இதே கேள்வியை என் மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன். அவருக்குச் சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை எவ்வளவு, பின் எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் மனப்பாடம். என்னுடைய எண் ஒன்றுகூடத் தெரியாது.

வீடு தாம்பரத்தில், வேலை பாரிமுனையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். கணவருக்கு ஷிஃப்ட் வேலை, பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார் எங்களோடு. இதில் விசேஷம் எதுவும் இல்லை. மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினால் என்னைப் போல நூறு பேர் இருப்பார்கள். முகாம் முடிந்த அன்று இரவு "செல்ஃப் கேர்" என்று தேடினேன். வாசனை மெழுகுவத்தி ஏற்று, முகத்துக்குப் பேக் போடு, காலை ஐந்து மணிக்கு எழு, வாழ்க்கை மாறும் என்று வந்தது. நான் அப்போதே நாலே முக்காலுக்கு எழுந்துகொண்டிருந்தேன். வாழ்க்கை மாறவில்லை, கருவளையம்தான் வந்தது.

அந்த ஆலோசனைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பி வழிகிற குடத்தில் இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்கின்றன. எனக்கு வேலைக்கு ஆனது நேர் எதிரானது: முதலில் இறக்கு, அப்புறம் ஏற்று. கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டைத் தாண்டிக் குதித்து நடைப்பயிற்சிக்குப் போனால் பத்தாவது நாள் நின்றுவிடும். எனக்கு இரண்டு முறை நின்றது.

படி 1: மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

ஒரு பழைய டைரி போதும், கிழித்த மாதத் தாளின் பின்பக்கம்கூடப் போதும். வேலை நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று. காலை கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை அரை மணிக்கு ஒரு வரி. அழகாக எழுத வேண்டாம். "6.10 சட்னி, 6.25 சின்னவனை எழுப்பு, 6.40 மறுபடி எழுப்பு" என்று இருந்தால் போதும்.

கையால் செய்யும் வேலையோடு, மனதில் வைத்திருக்கும் வேலையையும் எழுதுங்கள். கேஸ் பதிவு செய்ய வேண்டும், சார்ட் பேப்பர் வாங்க வேண்டும், அத்தைக்கு மாத்திரை வியாழனோடு தீர்கிறது, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு என்ன மொய், தண்ணீர் கேன்காரருக்குப் பாக்கி. இவற்றை யாரும் வேலை என்று சொல்வதில்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு விழிப்பு வருவது பெரும்பாலும் இவற்றால்தான். நான் எழுதிய மூன்று நாளில் இப்படி முப்பத்து நாலு இருந்தது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

எழுதி முடித்ததும் மூன்று நிறப் பேனா எடுத்து, ஒவ்வொரு வரியையும் பிரியுங்கள். ஒன்று, நான் மட்டுமே செய்ய முடிந்தது. இரண்டு, வீட்டில் வேறு யாராலும் செய்ய முடிந்தது. மூன்று, யாருமே செய்யாவிட்டாலும் குடிமுழுகாதது. முதல் வகை நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும். என் கணக்கில் சம்பள வேலை, பையனுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தருவது, இன்னும் நாலைந்து, அவ்வளவுதான். மூன்றாவது வகையில் பனியனுக்கு இஸ்திரி போடுவதும், ராத்திரிக்கும் சுடச்சுடத் தனிச் சட்னி அரைப்பதும், குடும்பக் குழுவில் வரும் ஒவ்வொரு காலை வணக்கத்துக்கும் பூ போட்டுப் பதில் அனுப்புவதும் இருந்தன.

படி 2: இறக்கி வையுங்கள்

மூன்றாவது வகையை அன்றைக்கே விடுங்கள். யாரிடமும் அறிவிக்க வேண்டாம், சும்மா நிறுத்துங்கள். பனியன் சுருக்கத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது வகைதான் கஷ்டம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. 2019இல் 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது! ஆக, தானாக மாறும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மாற்றிக் கொடுக்கும்போது "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் விருந்தாளியாக வந்து ஒரு கை கொடுப்பார். ஒரு வேலையைத் தலையிலிருந்து வால்வரை முழுதாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் போனது துணி.

"என்னங்க, துணியை மெஷின்ல போடறது, காயப்போடறது, மடிச்சு அடுக்கறது மூணும் இனிமே உங்களோடது" என்றேன்.

"அதுக்கென்ன, சொல்லு, ஹெல்ப் பண்றேன்."

"ஹெல்ப் இல்லைங்க. நான் சொல்லவும் மாட்டேன், ஞாபகப்படுத்தவும் மாட்டேன்."

முதல் வாரமே பெரியவளின் வெள்ளைச் சட்டை என் நீல நைட்டியோடு சேர்ந்து வெளுத்து வெளிர்நீலமாக வந்தது. புதன்கிழமை காயாத சீருடையோடு பள்ளிக்குப் போனாள். நான் வாய் திறக்கவில்லை. இந்த வழிகாட்டியிலேயே கடினமான பகுதி அந்த வாய் திறக்காமை என்றுதான் சொல்வேன். மாமியாருக்கு வருத்தம்தான். "அவன் ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வர்றான், பாவம்" என்றார். "நானும் பாவம்தானே அத்தை" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துத் தொடர் பார்த்துக்கொண்டே அவரே துணி மடிக்க ஆரம்பித்தார். இப்போது துணி முழுக்க அம்மா, மகன் இலாகா.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பரீட்சையை மருந்து மாத்திரையில் வைக்காதீர்கள். தவறினாலும் ஆபத்தில்லாத வேலையில் தொடங்கி, அது மூன்று மாதம் ஓடிய பிறகு அடுத்தது. மாத்திரை டப்பா என் கணவர் கைக்குப் போனது ஒரு வருடம் கழித்துத்தான், அதுவும் ஏழு நாள் கட்டம் போட்ட டப்பா வாங்கிய பிறகு.

வீட்டில் பகிர ஆளே இல்லை, தனியாளாகப் பிள்ளை வளர்க்கிறேன் என்பவர்களுக்கு இந்தப் படி பாதிதான் பொருந்தும். அவர்கள் மூன்றாவது வகையை இன்னும் ஈவிரக்கம் இல்லாமல் வெட்ட வேண்டும். கடையில் வாங்கும் மாவு, வாரம் இரண்டு நாள் பாத்திரம் தேய்க்க ஆள், பக்கத்து வீட்டோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு விடும் முறை மாற்றிக்கொள்வது என்று எதில் குறைந்த காசுக்கு அதிக நேரம் மிஞ்சுகிறதோ அதில் தொடங்கலாம். கடை மாவு வாங்குவது குற்றம் என்று நினைக்கும் தலைமுறையில் பிறந்தவள் நான். இப்போது குற்றவுணர்வு போய்விட்டது, கிரைண்டர் மேல் பூந்தொட்டி இருக்கிறது.

படி 3: தூக்கத்துக்குக் கணக்கு வையுங்கள்

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். எழும் நேரம் நம் கையில் இல்லை. ரயிலும் பள்ளி வேனும் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். நாலே முக்காலுக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதே முக்காலுக்குக் கண் மூடியிருக்க வேண்டும். அது நடக்காது என்று எனக்கும் தெரியும். அதனால் இரண்டு முனையிலும் இழுத்தேன். கீரை, காய் ஆய்வதை முந்தின மாலை ரயிலுக்கு மாற்றியதில் காலையில் அரை மணி நேரம் கிடைத்தது. (பெண்கள் பெட்டியில் கீரை ஆய்வது, பீன்ஸ் நார் எடுப்பது, பூக் கட்டுவது எல்லாம் காலங்காலமாக நடப்பதுதான். மாம்பலத்தில் வாங்கிய கீரை தாம்பரம் வருவதற்குள் சுத்தமாகிவிடும். கத்தியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். கையால் ஆயக்கூடியது மட்டும் ரயிலில், மற்றதை வீட்டில்.) இப்போது 5.15க்கு எழுகிறேன், 10.15க்கு விளக்கை அணைக்கிறேன்.

விளக்கணைக்க விடாமல் தடுப்பது வேலை மட்டும் இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு கையில் போனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், எதையும் ரசித்துப் பார்க்காமல். பகல் முழுக்க நமக்கென்று ஒரு நிமிடம் கிடைக்காததால், தூக்கத்திலிருந்து திருடி அதை எடுத்துக்கொள்கிறோம். சீனாவில் இதற்குப் பெயரே இருக்கிறது, பழிவாங்கும் கண்விழிப்பு என்று. இதை மன உறுதியால் வெல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பகலில் பதினைந்து நிமிடம் உங்களுக்கென்று கிடைத்தால் ராத்திரி திருட்டு தானாகக் குறையும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஏழாவது படியில் வருகிறேன். அதுவரைக்கும் போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். அலாரத்துக்குச் சின்னக் கடிகாரம் ஒன்று வாங்கினால் போதும்.

சாயங்காலக் காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போக ஏறத்தாழ 5 மணி நேரமாகும். ஆறு மணி டிகாஷன் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். நான் கடைசிக் காபியை மூன்று மணிக்குக் கொண்டுவந்தேன். முதல் வாரம் தலைவலி, அப்புறம் சரியாகிவிட்டது.

படி 4: கடைசியில் சாப்பிடுவதை நிறுத்துங்கள்

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் ஒட்டியதை வழித்து, உடைந்த தோசையை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் சாப்பாடு இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. இது ஏழை வீடுகளின் கதை மட்டும் இல்லை, எங்கள் அலுவலக முகாமிலும் பாதிப்பேருக்கு ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது.

நான் செய்தது எளிய விஷயம்தான். என் தட்டை முதலில் எடுத்து வைப்பது. இட்லி முதல் ஈடு வெந்ததும் என் டப்பாவில் நாலு போய்விடும், வீட்டில் சாப்பிட நேரம் இல்லாவிட்டால் ரயிலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் இருப்பதால் ஒரு வண்டி விட்டு அடுத்ததற்கு நின்றால் உட்கார இடம் கிடைக்கும். மதியச் சாப்பாட்டில் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, காய் அல்லது சுண்டலை ஒரு கரண்டி கூட்டினேன். முட்டை, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம்.

இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு டீ குடித்தால், கீரையால் வரவேண்டியதில் பாதியை டீ தட்டிப் பறித்துக்கொள்ளும். டீ, காபியில் உள்ள பொருள்கள் இரும்பை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். கூடவே எலுமிச்சைச் சாறோ ஒரு பெரிய நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கீரையைக் கடைந்ததும் மேலே எலுமிச்சை பிழிவது எங்கள் அம்மா காரணம் தெரியாமலே செய்தது.

உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய் என்று தொட்டுக்கொள்வதிலேயே அது தீர்ந்துவிடும். எனக்கு பிபி என்று தெரிந்ததும் எல்லோரையும் பத்தியச் சமையலுக்கு இழுக்கவில்லை. சமையல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், தொட்டுக்கொள்வதை இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று வைத்தேன். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. மாமியார் மட்டும் ஊறுகாய் ஜாடியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

தண்ணீரைப் பற்றிப் பெண்கள் வெளியே பேசாத விஷயம் ஒன்று. நல்ல கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்போம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் தோழிக்கு வருடத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. அவள் கடைசியில் கண்டுபிடித்த வழி, வேலைக்குப் போகும் பாதையில் எந்தெந்தக் கழிப்பறை பயன்படுத்த லாயக்கானது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் குடிப்பது. காலை எழுந்ததும் இரண்டு தம்ளர், போய்ச் சேர்ந்ததும் ஒரு பாட்டில், கிளம்புவதற்கு ஒரு மணி முன்புவரை இன்னொன்று. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். அடர்ந்த மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

படி 5: நடமாட்டம்

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் இது. ஒரு நாளுக்கு 22 நிமிடம் வரும், அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ரயிலடியிலிருந்து அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோவை விட்டு நடந்தால் எனக்குப் பதினொரு நிமிடம், திரும்பும்போது பதினொன்று. வேலை நாளின் கணக்கு முடிந்தது. பாட வராத, பேச மட்டும் மூச்சு இருக்கும் வேகம்தான் மிதமான வேகம்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பார்கள். குனிந்து நிமிர்ந்து மாவாட்டிய காலத்தில் சரி. இன்றைக்கு நாம் செய்வது நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் கடுக்கும், இடுப்பு பிடிக்கும், இதயத்துக்கு ஒன்றும் வராது. தசைக்கு: நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துப் பத்து தண்டால், குக்கர் மூன்றாவது விசில் வரும்வரை குதிகாலை உயர்த்தி இறக்குவது. புதன், ஞாயிறு. இதற்கு ஜிம் தேவையில்லை, அதற்கான உடையும் தேவையில்லை.

நாள் முழுக்க நிற்கும் வேலையில் இருப்பவர்களுக்கு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது முதலாளி காட்டும் சலுகை இல்லை, உங்கள் உரிமை. தனியாளாகக் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

படி 6: உங்கள் பெயரில் ஒரு ஃபைல்

மாமியாருக்கு ஒரு ஃபைல் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, ஸ்கூட்டருக்குக்கூட சர்வீஸ் புத்தகம் இருக்கிறது. உங்களுக்கு? ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி உங்கள் பெயரை எழுதுங்கள். பிறந்த மாதத்தில் வருடா வருடம் பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ஹீமோகுளோபின், கொழுப்பு. சோர்வு, முடி கொட்டுதல், எடை ஏற்றம் என்று இருந்தால் தைராய்டும். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசில்லாமல் செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபியும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்தபோது அத்தைக்கு மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நீங்களும் கையை நீட்டுங்கள்.

வீட்டில் பிபி பார்க்கிறவர்கள் அலுவலகத்திலிருந்து வந்த வேகத்தில் பார்க்காதீர்கள். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்துகொண்டே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். எனக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். "ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாது" என்று சொன்ன உறவினர்களின் பட்டியலை நான் இந்த ஃபைலில் சேர்க்கவில்லை.

படி 7: யாருக்கும் இல்லாத பதினைந்து நிமிடம்

இந்தப் பதினைந்து நிமிடத்தில் நீங்கள் யாருடைய அம்மாவும் இல்லை, மருமகளும் இல்லை, ஊழியரும் இல்லை. என்ன செய்தாலும் சரி, செய்யாமல் இருந்தாலும் சரி. எனக்கு அது மாலை ரயிலில் கோட்டையிலிருந்து மாம்பலம்வரை. போன் பைக்குள் போய்விடும். சில நாள் ஜன்னல், சில நாள் ஒரு பழைய பாட்டு, சில நாள் கண்ணை மூடினால் சைதாப்பேட்டை தாண்டிவிடும், கீரை வாங்க இறங்காமல். வண்டி ஓட்டிப் போகிறவர்கள் வீட்டு வாசலுக்கு ஒரு தெரு முன்னால் நிறுத்தி உட்காரலாம். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு மொட்டை மாடி. நேரம் நிலையாக இருக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "அம்மா மாடியில இருக்கா, கால் மணி கழிச்சு வருவா" என்று பிள்ளைகளே சொல்லும் அளவுக்குப் பழக்கிவிடுங்கள்.

மறுக்கப் பழகுவதையும் இதோடு சேர்க்கிறேன். நீளமாகக் காரணம் சொன்னால் எதிராளி ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வழி சொல்வார். "இந்த வாரம் முடியாதுங்க" என்பது முழு வாக்கியம். ராத்திரி ஒன்பது மணிக்கு அலுவலகக் குழுவில் வரும் செய்திக்கு நான் "காலையில் பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் பதில் போடுகிறேன். முதல் மாதம் முகம் சுளித்தார்கள், வேலை போகவில்லை. எல்லா இடத்திலும் இப்படி முடியாது என்பதும் தெரியும். ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் தங்கள் இடத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் செய்தும் சரியாகாத ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு என்றால் அது சோர்வோ சோம்பலோ இல்லை. எண்ணெய்க் குளியலாலும் தீராது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், காசில்லை, தமிழில் பேசுவார்கள். நம் மாநிலத்தில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

படி 8: வாரத்தில் ஒரு எண்ணெய்க் குளியல்

ஸ்பாவுக்குக் கொடுக்கும் காசில் எத்தனை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டதுண்டு. ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்பார்கள், எங்களுக்கு ஞாயிறுதான். எண்ணெயை லேசாகச் சூடாக்கி உச்சியிலிருந்து பாதம்வரை தேய்த்து அரை மணி ஊறி, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளித்து, மிளகு ரசம் விட்டுச் சாப்பிட்டால் மதியம் வரும் தூக்கம் தனி. முக்கியமான விதி ஒன்று: அன்றைக்கு உங்கள் தலைக்கு வேறு யாராவது எண்ணெய் வைக்க வேண்டும். நாலு தலைக்கு வைத்துவிட்டுக் கடைசியில் தன் தலையில் தானே தடவிக்கொள்வதெல்லாம் சேராது. குளியலறைத் தரையைச் சீயக்காய் போட்டு உடனே கழுவிவிடுங்கள், வழுக்கும்.

படி 9: கெட்ட வாரத்துக்கென்று ஒரு சின்னப் பட்டியல்

வருடக் கணக்கு முடிக்கும் மார்ச், பிள்ளைகளுக்குத் தேர்வு, தீபாவளிக்கு முந்தின வாரம், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். அப்போது மேலே சொன்ன எட்டும் சரிந்துவிடும், சரியட்டும். அந்த வாரங்களுக்காக ஒரு சின்னத் தாள் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். என்னுடையதில் மூன்றே வரி: மாத்திரை. உட்கார்ந்து சாப்பிடு. பதினொரு மணிக்குள் படு. உங்களுடையது வேறாக இருக்கலாம், மூன்றைத் தாண்ட வேண்டாம்.

போன மார்ச்சில் அந்தத் தாளுக்குக் கீழே சின்னவன் நாலாவதாக ஒரு வரி எழுதி வைத்திருந்தான்: "கத்தாதே." மூன்றைத் தாண்டக் கூடாது என்பதால் அதை அடிக்கப் போனேன். அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.